கோட்டுக்கு வெளியே

கழுத்தில் தொங்கும் விசிலை முதலில் சட்டையில் துடைத்துக்கொள்வார். பிறகு அதை இடது கடைவாயில் செருகிப் பல்லால் கவ்விக்கொண்டு, தூக்கப்போகும் சாமானைச் சுற்றிக் கடப்பாரை நுனியால் மணலில் கோடு இழுப்பார். அதை வட்டம் என்று சொல்ல முடியாது. ஒரு பக்கம் கோழிமுட்டை மாதிரி, இன்னொரு பக்கம் உதைத்த தகரம் மாதிரி. கோடு தொடங்கிய இடத்துக்கே வந்து சேர்ந்ததும் நிமிர்ந்து, உள்ளே யார் இருக்கிறார்கள் என்று பார்ப்பார். ஆளோ, ஆடோ, நாயோ, எல்லோருக்கும் ஒரே விசில்தான். உள்ளே இருப்பது வெளியே போன பிறகே செயினில் கை வைப்பார். தூக்குவது படகு எஞ்சினாக இருக்கும், கிணற்று மோட்டாராக இருக்கும். ஒரு தடவை அது தையல் மிஷின்.

முஹம்மது இஸ்மாயில் என்று கேட்டால் கடலூர் முதுநகரில் யாருக்கும் தெரியாது. கிரேன் பாய் என்றால் துறைமுகத்தில் ஐஸ் உடைக்கிறவன்கூட உப்பனாற்றங்கரைப் பக்கம் கை காட்டுவான். சவூதியில் கப்பல் செப்பனிடும் ஒரு பட்டறையில் வருஷக்கணக்காக இருந்துவிட்டு வந்து, கரையோரம் கொட்டகை போட்டுப் படகு எஞ்சின்களைப் பிரித்துப் பூட்டுகிறவர். "அங்க கிரேனோடதான் இருந்தேன்" என்பதற்கு மேல் அவர் சொன்னதில்லை. மீதியை ஊரே சொல்லிக்கொண்டது. ஆகாசத்தை முட்டும் கிரேனில் உட்கார்ந்து ஒரு கப்பலைத் தூக்கி இன்னொரு கப்பலுக்குள் வைத்தவர் என்று சோனாங்குப்பத்தில் ஒருவர் ஆதாரத்தோடு பேசுவார். பாய் அதை ஒப்புக்கொண்டதும் இல்லை, மறுத்ததும் இல்லை.

கட்டம் போட்ட கைலி. அதற்குக் கீழே இரும்பு மூக்கு வைத்த கறுப்பு பூட்ஸ். இரண்டும் ஒன்றுக்கொன்று அறிமுகமில்லாதவை போல் அவர் உடம்பில் இருக்கும். கல்யாண மண்டபத்தில் அலங்கார விளக்குக்கு நேர் கீழே இலை போட்டால், எவ்வளவு பெரிய மனிதர் கையைப் பிடித்து இழுத்தாலும் உட்கார மாட்டார். வீட்டில் மின்விசிறிக்கு அடியில் படுப்பதில்லை. கட்டிலைச் சுவரோரம் தள்ளிப் போட்டுக்கொண்டு வியர்த்தபடி தூங்குவார். பெருநாளன்று பிரியாணி தேக்சாவை அடுப்பிலிருந்து இறக்கும்போதும் விசில் உண்டு. "ரயில்வே கார்டுக்கு வாக்கப்பட்டிருந்தாகூட இவ்ளோ விசிலு கேட்டிருக்க மாட்டேன்" என்பது அவர் மனைவி ஜெய்னப்பின் கட்சி.

இந்த விசிலுக்குப் பணியாத ஒரே ஜீவன் பக்கிரி. பக்கத்துக் கொட்டகையில் வெல்டிங் வைத்திருப்பவர். பாய்க்கு அவர் மச்சான். எந்த வழியில் என்று கேட்டால் இருவருக்கும் தெரியாது. வேலையில்லாத நேரத்தில் காலி பெயின்ட் டின் ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு, சரியாகக் கோட்டுக்கு உள்ளே விழும் இடமாகப் பார்த்து உட்கார்ந்துகொள்வார்.

பாய் ஊதுவார். பக்கிரி பீடியை இழுப்பார்.

மறுபடி ஊதுவார். "எம் மேல விழுந்தா எம் பாடு பாய். ஒனக்கு என்னா?" என்பார் பக்கிரி.

"நீ செத்தா ஒன் பொண்டாட்டிக்கு யாரு பதில் சொல்றது?"

"அவ சக்கர போட்டு டீ குடுப்பா ஒனக்கு."

மூன்றாவது விசில் காதுக்குப் பக்கத்தில் வந்து கேட்கும். அப்போதுதான் எழுந்து, டின்னைக் காலால் உதைத்துக்கொண்டே கோட்டைத் தாண்டுவார். தினமும் நடக்கும் இந்த வழக்கில் இருவருக்குமே அலுப்பு வந்ததில்லை.

சாமான் தூக்க அதுவரை பாய்க்கு இருந்தது ஒரு மரம். கொட்டகை வாசலில் நின்ற தூங்குமூஞ்சி மரத்தின் கிடைக் கிளையில், சங்கிலியை இழுத்துச் சுமை தூக்கும் செயின் பிளாக்கை மாட்டிவிட்டால் எவ்வளவு பெரிய எஞ்சினும் மேலே வரும். தானே புயல் அடித்த விடியலில் அந்த மரம் வேரோடு சாய்ந்து ஆற்றுப் பக்கமாகப் படுத்தது. கொட்டகைக்குச் சேதமில்லை. ஓடு பறந்தவர்கள், படகு உடைந்தவர்கள் பாயைப் பார்த்து "ஒனக்கு ஒண்ணும் ஆவலல்ல, அதுக்கு சந்தோசப்படு" என்றார்கள். தொங்கவிட்டுப் புரட்டாமல் பெரிய எஞ்சினின் அடிவயிற்றைத் திறக்க முடியாது என்பதால், பொங்கல் கழிந்து மாசி பிறந்தும் ஒரு படகு எஞ்சின்கூட அவரிடம் வரவில்லை. கிரேன் பாய் தண்ணி மோட்டாருக்கு வாஷர் மாற்றிக்கொண்டிருந்தார்.

சித்திரையில் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கும். வைகாசி நடுவில் முடியும். படகுக்காரர்கள் எஞ்சினைக் கழற்றிப் பார்ப்பது இந்த இடைவெளியில் மட்டும்தான். இதைத் தவறவிட்டால் கொட்டகையை வலைக் கிடங்குக்கு விட்டுவிடலாம் என்று வீட்டிலேயே பேச்சு எழுந்திருந்தது. பாய் காதில் போட்டுக்கொள்ளாத மாதிரி இருந்தார். ஒரு நாள் பக்கிரியிடம் வந்து, "மரம் நம்மளே பண்ணுவம் மச்சான்" என்றார்.

உத்தரம் சிதம்பரத்துப் பக்கம் இடித்த ஒரு ரைஸ் மில்லிலிருந்து வந்தது: நல்ல கனமான இரும்புக் கர்டர், ஒரு முனையில் இன்னும் தவிட்டு வாசனை. கால்களுக்குக் குறிஞ்சிப்பாடியில் போர்வெல்காரரிடம் கிடந்த பழைய கேசிங் பைப். சக்கரம் முதுநகர் காயலான் கடை. மேலே கூம்பி அடியில் அகன்ற இரண்டு கால்சட்டங்களைப் பக்கிரி பற்றவைத்துக் கொடுத்தார். கரண்ட் வந்தால் வெல்டிங், போனால் டீ என்ற காலம் அது, டீதான் ஜாஸ்தி.

அப்போதுதான் கலியமூர்த்தி வந்து சேர்ந்தார். சோனாங்குப்பத்து இழுவைப் படகுக்காரர். புயலில் உப்புத் தண்ணீர் குடித்த எஞ்சினைத் துறைமுகத்து ஆட்கள் தோள் கொடுத்து இறக்கி, டிராக்டரில் கொண்டுவந்து பாய் கொட்டகை முன் சறுக்கி விட்டுப் போனார்கள். தார்ப்பாய் போர்த்திய எஞ்சினுக்குப் பக்கத்தில் கலியமூர்த்தி தினமும் ஒரு தடவை வந்து நிற்பார், ஆஸ்பத்திரியில் ஆள் பார்க்க வருகிறவர் போல.

"எப்ப பாய் தூக்குவ?"

"தூக்குறதுக்கு மொதல்ல தூக்குறது எந்திரிக்கணும்."

"அத எது தூக்கும்?"

"அதுவே."

கலியமூர்த்தி பக்கிரியைப் பார்த்தார். பக்கிரி வானத்தைப் பார்த்தார்.

பாயின் யோசனை இதுதான். கர்டரைத் தரையில் கிடத்தி, அதன் இரு முனைகளிலும் கால்சட்டங்களின் உச்சியை ஒவ்வொரு போல்ட்டில், கதவுக் கீல் மாதிரி பூட்டுவது. கால்கள் ஆளுக்கொரு பக்கம் நீட்டிக் கிடக்கும். அடியில் சக்கரம் இருக்கிறது. அதே செயின் பிளாக்கைப் படுக்கைவாட்டில் மாட்டி, எட்டாத தூரத்துக்குப் படகின் பழைய இழுவைக் கம்பி வடத்தைச் சேர்த்து, இரண்டு கால்களையும் ஒன்றை நோக்கி ஒன்றாக இழுத்தால், நடுவில் கிடக்கும் கர்டர் மேலே எழும்பத்தானே வேண்டும்? காலை அகல நீட்டி உட்கார்ந்தவன் கையை ஊன்றாமல், அதைத் தன் பக்கம் இழுத்தே எழுந்துகொள்கிற மாதிரி.

முதல் நாள் அது எழுந்திருக்கவில்லை. செயின் முறுக்கேறிக் கம்பியாக நின்றது. சக்கரங்கள் கிளிஞ்சல் மணலைத் தோண்டிக்கொண்டு உள்ளே இறங்கின. தரையோடு தரையாக நீட்டிக் கிடக்கிற காலை இழுத்தால் அது மேலே தள்ளாது, பக்கவாட்டில்தான் முட்டும் என்று அன்று எல்லோருக்கும் விளங்கியது, பாய் உட்பட. கால் நீட்டிக் கிடந்த அந்த இரும்பைக் காட்டி, வெட்டுக்கிளி செத்துக் கிடப்பதாகப் பக்கிரி நாலு பேரிடம் சொன்னார்.

மறுநாள் சக்கரங்களுக்கு அடியில் இரும்புத் தகடு விரித்தார்கள். விழுந்த தூங்குமூஞ்சி மரத்தில் விறகுக்குப் போகாமல் கிடந்த துண்டுகளை உருட்டிவந்தார்கள். கடப்பாரையால் கர்டரின் ஒரு முனையை நெம்பி அடியில் ஒரு கட்டை. அந்தப் பக்கம் போய் அதற்கொரு கட்டை. இப்படி மாற்றி மாற்றி இடுப்பு உயரத்துக்குக் கொண்டுவந்ததும் கால்களுக்கு ஒரு சாய்வு கிடைத்தது. இனி இழுத்தால் எழும்.

கத்திரி வெயில் ஏறும் முன்பே பாய் கோடு கிழித்துவிட்டார். அன்றைய கோடு கொட்டகையைத் தாண்டிப் பாதை வரைக்கும் போனது. சட்டத்தையும் மொழிந்தார்: "ஒரு ஊது, வெளிய. ரெண்டு ஊது, இழு. நீட்டி ஊதினா, கையில என்னா இருந்தாலும் அப்பிடியே நிப்பாட்டணும். மாஃபி கேள்வி."

"மாஃபி கேள்வி" என்று, 'இல்லை' என்பதற்கான அந்த அரபுச் சொல்லைப் பக்கிரி அப்படியே திருப்பிச் சொல்லி எல்லோரையும் சிரிக்கவைத்தார்.

கலியமூர்த்தியின் படகாட்கள் இரண்டு பேரும் பக்கிரியும் கோட்டுக்கு வெளியே நின்று செயினை இழுத்தார்கள். சங்கிலி கடகடத்தது. கால்கள் அரையடி அரையடியாகக் கிட்டே வந்தன. கர்டர் கட்டைகளை விட்டுப் பிரிந்து, நடுவில் ஒரு வெளிச்சக் கீற்றைக் காட்டியது. கீற்று அகல அகல, நீண்ட மூங்கிலால் இன்னொரு கட்டையை அடியில் தள்ளினார்கள். கையை மட்டும் யாரும் உள்ளே விடக் கூடாது. செயின் முடிந்ததும் சக்கரத்துக்குக் கல் கொடுத்து, கம்பி வடத்தைச் சுருக்கி மாட்டி, மறுபடி இழுப்பு. தலை உயரம் வந்தது. அதையும் தாண்டியது. படகாட்களில் ஒருவன் கடலில் வலை வாங்கும்போது போடுகிற அம்பாப் பாட்டைத் தொடங்கிவிட்டான். டீத் தட்டோடு வந்த ஜெய்னப்கூட நின்று பார்த்தார். கலியமூர்த்தி தார்ப்பாயை எஞ்சின் மேலிருந்து உருவிச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

அப்போது நீட்டி ஊதினார் பாய்.

செயின் நின்றது. பாட்டு நின்றது. ஆற்றில் போன ஒரு நாட்டுப் படகின் மோட்டார் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

"என்னா பாய்?"

"எறக்கு."

"என்னாது?"

"எறக்குப்பா. எல்லாத்தையும் எறக்கு."

"இன்னும் ரெண்டு முழம்யா!" கலியமூர்த்தி கோட்டின் விளிம்புக்கே வந்துவிட்டார். "ரெண்டு முழம் இழுத்தா நின்னுடும். எதுக்கு எறக்கணும்?"

பாய் வலது பக்கத்து உச்சியைப் பார்த்தார், கர்டரும் காலும் சேரும் இடத்தை. "அந்தக் காது எனக்குப் பிடிக்கல."

போல்ட் நுழைவதற்காகக் காலின் உச்சியில் பற்றவைத்த துளைத் தகட்டுக்குத்தான் காது என்று பெயர். அதைப் பற்றவைத்தவர் பக்கிரி.

"என்னா பிடிக்கல?" பக்கிரியின் குரலில் அதுவரை இருந்த விளையாட்டு போய்விட்டது. "விரிசல் தெரியுதா? சத்தம் கேட்டுச்சா?"

"ஒண்ணும் கேக்கல."

"அப்பறம்?"

"பிடிக்கல மச்சான்."

ஜெய்னப் டீத் தட்டை மணலில் வைத்துவிட்டு, அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து முக்காட்டின் நுனியை வாயில் வைத்துக்கொண்டார். கலியமூர்த்தி மட்டும் பேசிக்கொண்டிருந்தார். தடைக்காலம் முடிய எவ்வளவு நாள் இருக்கிறது என்று பாய்க்குத் தெரியுமா, முதல் நாள் கடலுக்குப் போகாத படகின் மீனை எவன் வாங்குவான், இவர் பேச்சைக் கேட்டு வந்த தன்னைத்தான் செருப்பால் அடிக்க வேண்டும். "நான் சிதம்பரம் போயி வாடகைக்குக் கிரேனு கூட்டியாறேன். எஞ்சினத் தூக்கினு போயிட்டே இருப்பேன். அப்பறம் நீ விசிலு ஊதினு ஒக்காந்திரு!"

"கூட்டியா" என்றார் பாய். "இப்ப எறக்குங்க."

கலியமூர்த்தி தார்ப்பாயை எஞ்சின் மேலேயே எறிந்துவிட்டு வண்டியைக் கிளப்பினார். ஏற்றியதைவிட இறக்க நேரமாயிற்று.

பக்கிரி சுத்தியலோடு கோட்டுக்குள் போனார். காதைத் தட்டினார், நல்ல மணி போல் கணீரென்றது. அந்தப் பக்கத்துக் காதைத் தட்டினார், அதே கணீர். சுண்ணாம்புக் கல்லால் தேய்த்துப் பார்த்தார், நகத்தால் கீறிப் பார்த்தார். மயிரிழைகூட இல்லை.

"பாத்துக்க. நல்லா பாத்துக்க பாய். எங்க இருக்கு ஒன் விரிசலு?"

பாய் குனிந்து ரொம்ப நேரம் பார்த்தார். "வெல்டு நல்லாத்தான் இருக்கு" என்றார்.

"அப்ப?"

"மேல ஒரு பட்டை வெச்சுக் குடு மச்சான். இந்த ஒரு தடவ."

நல்லா இருக்கிற வெல்டுக்கு மேலே ஒட்டுப் போடச் சொல்வது வெல்டர் முகத்தில் துப்புவதற்குச் சமம். கரண்ட் வந்ததும் பக்கிரி தடித்த பட்டையாக எடுத்துக் காதுக்கு இருபுறமும் வைத்து, கோபம் தீரும் மட்டும் பற்றவைத்தார். இப்போதும் பார்க்கலாம்; அந்த ஒரு மூலை மட்டும் அடிபட்ட முழங்கால்போல வீங்கியிருக்கும்.

பிற்பகல் அஸர் தொழுகை முடிந்து பாய் வந்ததும் மறுபடி கோடு, மறுபடி விசில், மறுபடி இழுப்பு. யாரும் பாடவில்லை. கால்கள் செங்குத்தானதும் சாய்வுக் கம்பிகளை வைத்து மீதி போல்ட்டுகளை முடுக்கினார்கள். தவிட்டு வாசனை அடித்த கர்டர் ஆற்றங்கரையில் தலைக்கு மேலே ஆணி அடித்ததுபோல் நின்றது. பாய் அதன் கீழே ஒரு தடவை நடந்து போனார். அவர் எதற்கும் கீழே நடந்து போனதைப் பக்கிரி அன்றுதான் பார்த்தார்.

வாடகைக் கிரேன்காரன் அடுத்த வாரம்தான் வருவான் என்ற செய்தியோடு கலியமூர்த்தி பொழுது சாயும்போது திரும்பினார். வண்டியை நிறுத்தாமலே அண்ணாந்து பார்த்தார்.

"நின்னுடிச்சா?"

"நின்னுடிச்சி. கோட்டுக்கு அந்தாண்ட நில்லு."

தடைக்காலம் முடிந்து படகுகள் புறப்பட்டபோது அவருடையதும் போனது. அடுத்தடுத்து எஞ்சின்கள் வந்தன. வலைக் கிடங்கு பேச்சு அடங்கியது. பக்கிரிக்கு மட்டும் ஆறவில்லை. டீ வந்தால் வேண்டாம் என்பார். மச்சான் என்று கூப்பிட்டால் வெல்டிங் கண்ணாடியைப் போட்டுக்கொள்வார். விசில் ஊதினால், மூன்றாவது ஊதலுக்குப் பிறகும் டின்னிலேயே இருப்பார். பாய் செயினைப் பிடித்தபடி காத்துக்கொண்டு நிற்பார். பழைய வழக்கில் இருந்த சிரிப்பு மட்டும் அதிலிருந்து கழன்றுவிட்டது.

அந்த வருஷம் பக்ரீத் சாப்பாட்டுக்கு ஜெய்னப்தான் நேரில் வந்து அழைத்தார். மறுக்க முடியாமல் பக்கிரி போனார். கொல்லையில் இரண்டாவது தேக்சாவை இறக்கும் நேரம். வழக்கம்போல் விசில் சத்தம் கேட்டது.

"சவூதில எத்தன கிரேனு ஓட்டுன மனுசன்" என்றார் பக்கிரி. "சோத்துச் சட்டிக்கு ஊதினு கெடக்காரு."

ஜெய்னப் பரிமாறிய கையை நிறுத்தினார். "அவரு எங்கண்ணே கிரேனு ஓட்டுனாரு? கிரேனுக்குக் கீழல்ல நின்னாரு."

பக்கிரிக்குப் புரியவில்லை. சுமை மேலே போகும்போது அதன் அடியில் யாரும் வராமல் விசில் ஊதி, கொடி காட்டி விலக்கிவிடுகிற வேலை அது என்று ஜெய்னப் விளக்கினார். போன நாளிலிருந்து திரும்பி வந்த நாள் வரைக்கும் அதே வேலை. கிரேன் படியில்கூட பாய் கால் வைத்ததில்லை.

"அப்பறம் ஏன் வந்துட்டாரு?"

"அனுப்பிட்டாங்க." ஜெய்னப் கொல்லைப் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டார். "கப்பலோட காத்தாடி இருக்குல்ல, தண்ணிக்குள்ள சுத்துறது, அது பாதி ஒசரத்துல தொங்குது. இவரு நீட்டி ஊதிட்டாரு. எறக்குன்னுட்டாரு. ஒரு நாள் வேலை பூரா நின்னுபோச்சி. பெரிய பெரிய இன்ஜினீரெல்லாம் வந்து வடத்தக் கழட்டிப் பாக்குறாங்க, ஒண்ணுமே இல்ல. ஏன்டா நிப்பாட்டுனேங்குறாங்க. இவரு எனக்குப் பிடிக்கலங்குறாரு. வேற ஒரு வார்த்தை சொல்லல. மறுநா அதே வடத்துல அதயே தூக்கி வெச்சாங்க. அது பாட்டுக்குப் போயி ஒக்காந்துடுச்சி. இவருக்கு டிக்கெட்டு எடுத்துட்டாங்க."

பக்கிரி சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"அது விழுந்திருந்தாலாவது வேலையில வெச்சிருந்திருப்பாங்கண்ணே. அன்னிக்கி இங்க அதே விசிலு கேட்டதும் இந்தப் பொழப்பும் போச்சுன்னு அங்கியே ஒக்காந்துட்டேன்."

பாய் கைலியில் கையைத் துடைத்தபடி உள்ளே வந்தார். "என்னா மச்சான், கறி வெந்திருக்கா?"

"வெந்திருக்கு" என்றார் பக்கிரி.

பெருநாள் கழிந்து கொட்டகை திறந்த அன்று சின்னதாக ஒரு தண்ணி மோட்டார் வந்திருந்தது. கர்டரில் செயினை மாட்டிவிட்டு, பாய் கடப்பாரையை எடுத்துக்கொண்டு விசிலைச் சட்டையில் துடைத்தார். அது வாய்க்குப் போகும் முன்பே பக்கிரி எழுந்தார். டின்னைக் கையில் தூக்கிக்கொண்டு, கோடு எதுவரைக்கும் வரும் என்று ஒரு கணம் கணக்குப் பார்த்து, அதற்கும் ஒரு முழம் தள்ளி வைத்து உட்கார்ந்தார்.